'ஓப்பன்ல எழுதிக்கலாம்' என்று சொல்வதற்கு முன்

2023 ஜூன் மாதம். மாணவர் சேர்க்கைக்காக ஊருக்குள் வீடு வீடாகப் போய்விட்டு, மாலையில் பேருந்துக்குக் காத்திருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓர் இளைஞன் வந்து வணக்கம் சொன்னான். முகம் தெரிந்தது, பெயர் உடனே வரவில்லை. அவனே சொன்னான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மதிப்பெண் சான்றிதழ்.

"டீச்சர், பத்தாவது பாஸ் பண்ணிட்டேனுங்க. ஐ.டி.ஐ.ல எலெக்ட்ரீஷியன் கேட்டா முடியாதுங்கறாங்க. கணக்கும் அறிவியலும் படிச்சிருக்கோணுமாமா. எனக்கு அது ரெண்டும் இல்லீங்க."

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழங்கிய உண்மையான சான்றிதழ்தான். தமிழ், சமூக அறிவியல், மனையியல் என்று ஐந்து பாடங்கள், ஐந்திலும் தேர்ச்சி. கணக்கும் இல்லை, அறிவியலும் இல்லை. "யாருப்பா உனக்கு இந்தப் பாடமெல்லாம் எடுத்துக்கச் சொன்னது?" என்று கேட்டேன். ஒரு தனியார் டுடோரியலில் பதினைந்தாயிரம் கட்டினானாம். எது எளிதோ அதைப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் அந்த டுடோரியலைத் திட்டிவிட்டுப் பேருந்து ஏறியிருப்பேன். அவன் சாதாரணமாக, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், இன்னொன்றும் சொன்னான்.

"நீங்கதானுங்க டீச்சர் அன்னைக்கு அம்மாகிட்டச் சொன்னீங்க, ஓப்பன்ல எழுதிக்கலாம்னு."

சொல்லியிருந்தேன்.

நான் திருப்பூர் மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. 2019-இல் அவன் பத்தாம் வகுப்புக்கு வந்து மூன்று வாரம்தான் பள்ளிக்கு வந்தான். தகப்பனார் கட்டட வேலையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். பையன் பனியன் கம்பெனியில் கைமடிக்குப் போய்விட்டான். வகுப்பாசிரியை என்ற முறையில் இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். மூன்றாவது முறை போகவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வேறு திசையில் போனது. பெயர்ப் பட்டியல் போகும், இவன் தேர்வுக்கு வர மாட்டான், ஆப்சென்ட் விழும், நூறு சதவீதம் போய்விடும். அந்த ஆண்டு எங்கள் எல்லோர் தலைக்குள்ளும் அந்த எண்தான் இருந்தது. யாரும் வாயைத் திறந்து 'டி.சி. கொடுத்துவிடுங்கள்' என்று உத்தரவு போடவில்லை. ஆனால் அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "பையன் வேலைக்குப் போறான், டி.சி. வாங்கிக்கோங்க, அப்புறமா ஓப்பன்ல எழுதிக்கலாம்" என்று சொன்னது நான்தான். அந்த 'ஓப்பன்' என்பது என்ன, எங்கே விண்ணப்பிப்பது, என்ன வயது, என்ன பாடம், எதுவும் எனக்கு அன்று தெரியாது.

பதினோரு மாதம் கழித்து, 2020 ஜூனில், கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகையையும் வைத்து எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அவனோடு படித்தவர்கள் அனைவரும் தேர்ச்சி. இவன் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. இதை முன்கூட்டியே யாரும் அறிந்திருக்க முடியாது, உண்மைதான். ஆனாலும் அந்த அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேருந்து நிறுத்தத்துச் சந்திப்புக்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். நிறுவனத்தின் விவரக் குறிப்பேட்டை இறக்கிப் படித்தேன். சந்தேகங்களை வட்டார வள மையத்தில் கேட்டேன். சிலவற்றை அந்தப் பையனுக்காக விண்ணப்பம் போடும்போது அடிபட்டுக் கற்றேன். அவற்றைத்தான் இங்கே சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே சொல், மூன்று வழிகள்

நம் ஊரில் 'ஓப்பன்' என்ற சொல் மூன்று வேறு காரியங்களுக்குப் புழங்குகிறது. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, தனித்தேர்வராக எழுதுவது. இதில் பாடத்திட்டமும் வினாத்தாளும் நம் மாநில வாரியத்தினுடையவைதான். நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடத்தில் தவறியவர் ஏற்கெனவே தேறிய பாடங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை. துணைத் தேர்விலோ அடுத்த பொதுத்தேர்விலோ தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். பள்ளிக்கே வராமல் நேரடியாக எழுதுகிறவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும் என்பதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்பது நமக்குத் தெரியும். கம்பெனியில் வேலை செய்யும் பையனுக்கு யார் சொல்வது? விண்ணப்பிக்க அந்தந்தக் கல்வி மாவட்டத்தில் தேர்வுத் துறையின் சேவை மையங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, திறந்தநிலைப் பள்ளி. இந்தக் கட்டுரையின் பொருள் அதுதான்.

மூன்றாவது, திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இது பட்டப்படிப்புக்கானது. ஒரு காலத்தில் பத்தும் பன்னிரண்டும் படிக்காமலேயே நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசுப் பணிக்குச் செல்லும் என்று 2009-இல் அரசாணையே வந்துவிட்டது. 'ஓப்பன்ல படிச்சா செல்லாது' என்று டீக்கடை வரை பரவியிருக்கும் பேச்சுக்கு மூலம் இதுதான். பள்ளிப் படிப்பைத் திறந்தநிலையில் முடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், அந்த வரிசையை முறையாகக் கட்டிக்கொள்ளத்தான் திறந்தநிலைப் பள்ளி உதவுகிறது.

பெற்றோர் 'ஓப்பன்' என்று சொல்லும்போது இவற்றில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் சொன்னபோது எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாமல்தான் சொன்னேன்.

திறந்தநிலைப் பள்ளி எப்படி இயங்குகிறது

1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கியது இது. 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற தனி அமைப்பானது. 2002-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற இப்போதைய பெயரைப் பெற்றது. தலைமையகம் நொய்டாவில், சென்னையில் மண்டல மையம் உண்டு. ஆந்திரம், தெலங்கானா போன்ற மாநிலங்களில் மாநில அளவிலான திறந்தநிலைப் பள்ளிகளும் தனியே இயங்குகின்றன.

இடைநிலைப் படிப்பு, அதாவது நம் பத்தாம் வகுப்புக்கு இணையானது, சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது கிடையாது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவரும், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தாமே உறுதிமொழி கொடுத்துச் சேரலாம். அவ்வளவும் இல்லாதவர்களுக்கு மூன்று, ஐந்து, எட்டு ஆகிய வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வித் திட்டமும் அங்கேயே உண்டு.

ஐந்து பாடங்களில் தேற வேண்டும். அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். இரண்டு மொழி வரை எடுக்கலாம். விருப்பமிருந்தால் கூடுதலாக இரண்டு பாடங்கள். தேர்ச்சி மதிப்பெண் 33. நம் வாரியத்தில் 35 என்பதால் 'அங்கே சுலபம்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்த இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றும் இல்லை. உண்மையான நெகிழ்வு காலத்தில் இருக்கிறது. ஒருமுறை சேர்ந்தால் அந்தச் சேர்க்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். மொத்தம் ஒன்பது வாய்ப்புகள். ஒரு தடவையில் ஒரு பாடம் மட்டும் எழுதினாலும் போதும். தேறிய பாடம் கணக்கில் நின்றுவிடும், அடுத்ததை அடுத்த முறை எழுதலாம். இது தவிர, தேவைப்படும்போது பதிந்து எழுதும் தேர்வு முறை ஒன்றும் இருக்கிறது.

ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஆர்டர் நெருக்கும் மாதத்தில் அவனால் புத்தகத்தைத் தொடவே முடியாது. நம் வாரியத் தேர்வில் ஐந்து பாடத்தையும் மூன்று வாரத்துக்குள் எழுதியாக வேண்டும். இங்கே அவன் தன் மாதங்களுக்கு ஏற்பப் பாடங்களைப் பிரித்துக்கொள்ளலாம்.

மாநில வாரியத்தில் சில பாடங்களில் தேறி, சிலவற்றில் தவறியவருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. தேறிய பாடங்களில் இரண்டு வரை இங்கே கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். மீதி மூன்றை எழுதினால் போதும்.

படிப்பது எப்படி? பாடநூல்கள், ஆசிரியர் இல்லாமல் தானே படிக்கும்படி எழுதப்பட்டவை; பாடத்துக்கு நடுவே கேள்வி கேட்டு, பின்னால் விடை கொடுத்திருப்பார்கள். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. சேரும்போது ஒரு கற்றல் மையத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே விடுமுறை நாள்களில் தொடர்பு வகுப்புகள் நடக்கும். ஒப்படைப்புகள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றுக்கு 20 சதவீத மதிப்பெண். எந்தப் பாடங்கள் ஒப்படைப்புக்கு, எவை பொதுத்தேர்வுக்கு என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் புத்தகம் முழுவதையும் உருப்போட்டவர்கள் உண்டு. அறிவியல் போன்ற பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வும் இருக்கிறது.

தமிழ்வழியிலும் எழுதலாம். ஆனால் எல்லாப் பாடங்களும் எல்லா மொழிகளிலும் கிடையாது. பாடத்தைத் தேர்வு செய்யும் முன் அந்தப் பாடம் தமிழில் இருக்கிறதா என்று விவரக் குறிப்பேட்டில் பார்த்துவிடுங்கள்.

பாடத் தேர்வு என்னும் பொறி

அந்தப் பையன் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது திறந்தநிலைப் பள்ளியின் பெரிய சலுகை. தெரியாமல் தேர்ந்தெடுத்தால் அதுவே கதவைச் சாத்திவிடும். 'கணக்கு வராது, அதனால் வேண்டாம்' என்ற ஒரே ஒரு யோசனையில் பட்டியலை நிரப்பினால், பாலிடெக்னிக், எலெக்ட்ரீஷியன், பிட்டர் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவும் அப்படித்தான்.

ஆகவே, "உனக்கு எந்தப் பாடம் வரும்?" என்று தொடங்காதீர்கள். "இதை வைத்துக்கொண்டு எங்கே போகப் போகிறாய்?" என்று தொடங்குங்கள். இருக்கிற வேலையில் பதவி உயர்வுக்கு வெறும் பத்தாவது சான்றிதழ் போதும் என்றால், பிடித்த ஐந்து பாடங்களை எடுக்கட்டும். மனையியலோ ஓவியமோ, தவறே இல்லை. தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் கணக்கும் அறிவியலும் இருக்கட்டும், ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு இருக்கிறது, கடைசி வாய்ப்பில் தேறினாலும் தேர்ச்சிதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கே இடம் தரும் தொழிற்பிரிவுகளும் ஐ.டி.ஐ.யில் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். அவசரமாக வேலை கற்க வேண்டியவர் பத்தாவதுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழைக் கட்டாயம் ஒரு பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். அங்கே தமிழ் கட்டாயமில்லை. இந்தியோ ஆங்கிலமோ எடுத்துத் தேறிவிட முடியும். ஆனால் மாநில அரசுப் பணிக்குப் போகும்போது பள்ளியிறுதியில் தமிழை ஒரு மொழியாகப் படித்திருக்கிறாரா என்ற கேள்வி வரும். இல்லையென்றால் பணியில் சேர்ந்த பிறகு தமிழ்த் தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கும். எதற்கு அந்தச் சுற்று?

சான்றிதழோடு இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழும் நிறுவனம் தருகிறது. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் இப்படிப்பட்ட மாணவரை, 'டி.சி. எங்கே?' என்று நம் அலுவலகத்தில் திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும். நான் விசாரித்த ஒரு பெண்ணை அப்படி இரண்டு பள்ளிகளில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பழக்கமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

விண்ணப்பம் போடும்போது

இணையவழியில் மட்டுமே சேர்க்கை. பொதுச் சேவை மையத்திலும் போடலாம், பள்ளிக் கணினியிலேயே நாமும் போட்டுக் கொடுக்கலாம். மார்ச் முதல் ஜூலை வரை சேர்கிறவர் அடுத்த ஆண்டு ஏப்ரல்-மே தேர்வும், செப்டம்பர் முதல் ஜனவரி வரை சேர்கிறவர் அதையடுத்த அக்டோபர்-நவம்பர் தேர்வும் எழுதலாம். கட்டணத்தில் பெண்களுக்கும், பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் சலுகை உண்டு. டுடோரியல்கள் வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் அரசுக் கட்டணம் மிகச் சிறியது. அந்தப் பையன் கட்டிய பதினைந்தாயிரத்தில் பெரும்பகுதி எதற்குப் போனது என்று அவனுக்கும் தெரியவில்லை. ஒரு தொடர்பு வகுப்புக்குக்கூட அவனை அழைக்கவில்லை.

பெயரில் 'தேசிய', 'இந்திய', 'வாரியம்' என்றெல்லாம் வைத்துக்கொண்டு போலியாகச் சான்றிதழ் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். 'பரீட்சையே எழுத வேண்டாம்', 'மூன்றே மாதத்தில் பத்தாவது' என்று சுவரொட்டியில் பார்த்தால் சந்தேகப்படலாம். இது நம் மாணவர்களின் அண்ணன், அக்காமாரிடம் சொல்ல வேண்டிய செய்தி. பெற்றோர் கூட்டத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இனி, எங்களை அதிகம் அலைக்கழித்த விஷயம்: பெயரும் பிறந்த தேதியும். ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, சாதிச் சான்றிதழில் வேறொன்று. தலைப்பெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் வாழ்நாள் முழுவதும் அதுதான் பிறந்த தேதி. முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பத்தைத் தொடுங்கள். ஒரு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

யாருக்குச் சொல்லக் கூடாது

இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். மேலே சொன்ன வசதிகளையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் நம் வகுப்பில் படிக்காத நாலு பேரை அங்கே அனுப்பிவிடலாமே' என்று யாருக்காவது தோன்றினால், நான் எழுதியதே வீண்.

பதினான்கு வயது வரை கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிதான். சிறப்புப் பயிற்சி மையம், பெண் குழந்தைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. ஒன்பதிலும் பத்திலும் இருக்கிற பிள்ளைக்கும் என் கருத்து அதேதான். பள்ளியில் அவனுக்கு மதிய உணவு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, பேருந்துப் பயண அட்டை இருக்கிறது, தினமும் முகம் பார்த்து 'ஏன் நேத்து வரலை?' என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார். திறந்தநிலைப் பள்ளியில் அந்தக் கடைசி ஆள் இல்லை. பத்து மாதம் தானே உட்கார்ந்து படிக்கிற பழக்கம் பெரியவர்களுக்கே கடினம். பதினைந்து வயதுப் பையனிடம் அதை எதிர்பார்த்து டி.சி.யைக் கொடுப்பதும் கைகழுவுவதும் ஒன்றுதான்.

டி.சி. கொடுத்ததும் எமிஸில் அவன் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. வேறு பள்ளி எடுத்துக்கொண்டால்தான் அங்கிருந்து வெளியே வரும். அவன் விஷயத்தில் யாரும் எடுக்கவில்லை. இடைநின்றோர் கணக்கெடுப்புக்கு வந்த ஆசிரியர் பயிற்றுநர் கேட்டபோது, 'ஓப்பன்ல எழுதறான்' என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறார். அவரும் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்ன ஒரு வாக்கியம், அவனைத் தேடி வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டது.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகள் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். நம் மாநிலத் தேர்விலேயே மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் என்று சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு உரிய காலத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும். சிறப்புப் பயிற்றுநரோடு உட்கார்ந்து அதை முதலில் முயன்று பார்க்கலாம். அப்படியும் ஒத்துவராத பிள்ளைக்குத் திறந்தநிலையின் பாடத் தேர்வு உண்மையிலேயே பொருந்தும். அவர்களுக்கென்றே சிறப்பு மையங்களும் உண்டு. எது முதலில், எது பின்னால் என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

அப்படியானால் யாருக்குச் சொல்லலாம்? பள்ளி வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கு. கல்யாணமாகிப் போன நம் பழைய மாணவிகளுக்கு. வருடத்தில் ஆறு மாதம் ஊர் மாறி வேலை செய்கிற குடும்பத்தில், எத்தனை முயன்றும் பள்ளியில் நிற்க முடியாமல் போன இளைஞர்களுக்கு. மாநிலத் தேர்வில் ஒரே பாடத்தில் நாலைந்து முறை தவறி மனம் விட்டுப்போனவர்களுக்கு. எங்கள் பள்ளியில் இப்போது ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒன்பது, பத்தில் யாராவது டி.சி. கேட்டு வந்தால், வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரும் வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் எழுத வேண்டும். சென்ற ஆண்டு மூன்று பேர் கேட்டார்கள். இரண்டு பேர் தங்கிவிட்டார்கள். ஒருத்தி தேர்வில் தவறினாள். நூறு சதவீதம் வரவில்லை. துணைத் தேர்வில் தேறி இப்போது பதினொன்றில் இருக்கிறாள்.

அவனும் சமையலக்காவும்

பத்தாவது தேர்ச்சி பெற்றவர்களும் தேவையான பாடங்களை மட்டும் சேர்ந்து எழுத, பகுதிச் சேர்க்கை என்று ஒரு வழி இருக்கிறது. 2023 செப்டம்பரில் அவனுக்குக் கணக்கும் அறிவியலும் போட்டோம். இம்முறை டுடோரியல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பள்ளிக்கே வருவான். கணக்கு ஆசிரியர் வாரம் ஒரு மணி நேரம் உட்காருவார். அவரை நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை, விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். 2019 ஆசிரியர் கூட்டத்தில் அவரும் இருந்தார்.

2024 அக்டோபர் தேர்வில் அறிவியல் தேறிவிட்டான். கணக்கு இல்லை. 2025 ஏப்ரலில் நான்கு மதிப்பெண்ணில் போனது. அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தபோது அவனே, "அக்டோபர்ல இருக்குதுங்களே டீச்சர்" என்றான். இதற்கிடையில் கம்பெனியில் மின்பழுது பார்ப்பவருக்கு உதவியாளாகப் போய்விட்டான். அவருக்கு வேலை தெரியும், சான்றிதழ் கிடையாது. "உனக்கு ரெண்டும் இருக்கணும்டா" என்று அவர்தான் இப்போது இவனை ஞாயிற்றுக்கிழமை விரட்டி அனுப்புகிறாராம்.

அவன் வருவதைப் பார்த்துவிட்டு எங்கள் சத்துணவுக்கூடத்துச் சமையலக்கா ஒருநாள் கேட்டார், "டீச்சர், இதுக்கு வயசு எதுவரைக்குங்க?" அவர் ஒன்பதாவதோடு நின்றவர். பத்தாவது இருந்திருந்தால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போட்டிருப்பேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர். உச்ச வயதே இல்லை என்றதும், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை கேட்டார்.

அவருடைய ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருந்தது. பழைய பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து உண்மையான தேதியை எடுத்து, ஆதாரைத் திருத்தி, ஜூலைக் கடைசி வாரத்தில் விண்ணப்பத்தை அனுப்பினோம். தமிழ், சமூக அறிவியல், அறிவியல், மனையியல், கணக்கு. கணக்கு வேண்டாமே அக்கா, உங்கள் வேலைக்குத் தேவைப்படாதே என்றேன். "அரிசி பருப்பு இருப்புக் கணக்கு நான்தானுங்க டீச்சர் மனசுலயே போடறேன், அதுல எனக்கென்ன பயம்?" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு பேர். பையனுக்கு அக்டோபரில் கணக்கு, அக்காவுக்கு அடுத்த ஏப்ரலில் முதல் தேர்வு. போன வாரம் நான் போனபோது ஆசிரியர் இன்னும் வந்திருக்கவில்லை. இருபடிச் சமன்பாட்டில் எங்கே குறி மாறுகிறது என்று அவன்தான் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.